தாராளமா வரட்டும்

பெருங்களத்தூர்
4.10.2005

யூனிஸ்,

போனை நம்பிப் பிரயோஜனம் இல்லை. உங்கள் ஹாஸ்டல் வார்டன் அறையில் நின்றுகொண்டு நீ பேசுவது ‘சரி’, ‘ம்’, ‘சரி’ மட்டும்தான். நடுவில் வார்டனின் இருமல் வேறு. செல்லுக்கு அந்த மலையில் டவர் கிடையாது. அதனால் எழுதுகிறேன். கடிதம் எழுதி எனக்கு வழக்கமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபிளாட் சாவி வாங்கியாச்சு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு கிச்சன். பால்கனியில் நின்றால் ஜி.எஸ்.டி. ரோடு தெரியும். ‘திண்டிவனம், விழுப்புரம்’ என்று கண்டக்டர்கள் கத்துவது கேட்கும். உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிடிக்காவிட்டால் சொல்லு, ஆனால் ஒன்றும் செய்ய முடியாது.

உன் கடிதம் வந்தது. திரைக்கு நீல நிறம், சரி. ஆனால் கடைசி வரி? ‘அம்மா கட்டிலை ஜன்னல் பக்கமாகப் போடுங்கள், அவங்களுக்குக் காத்து வேணும்.’ எந்தக் கட்டில்? உன் அம்மா நம்மோடு தங்குவதாக யார் முடிவு செய்தது? நாம் இதைப் பேசவே இல்லையே.

தப்பாக எடுத்துக்காதே. உன் அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், வருத்தம் வர அவகாசமே இல்லை. இது இடத்தைப் பற்றிய விஷயம். என் வேலையை வைத்தே சொல்கிறேன். வேவ்கைடு என்பது உள்ளே காலியான ஒரு செவ்வக உலோகக் குழாய். மைக்ரோவேவ் அலை அதற்குள் ஓடும். குழாயின் அகலம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அலை உள்ளே ஓடாது, வாசலிலேயே திரும்பிவிடும். கெஞ்சினாலும் ஓடாது. வீடும் அப்படித்தான். இது இரண்டு பேருக்கான வீடு.

ஆபீஸிலும் இதே தலைவலி. சிங்கப்பெருமாள் கோவில் யூனிட்டில் புதிதாக ஒரு ஃபில்டர் என் தலையில் விழுந்திருக்கிறது. ஃபில்டர் என்றால் வேண்டிய அலைவரிசைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிற குழாய். கஸ்டமருக்கு அதன் நீளத்தைப் பாதியாகக் குரைக்கணும். அதே சமயம் இப்போது விடுவதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்கு அலைவரிசைகளை விடணும். சின்னதாகவும் வேண்டுமாம், அகலமாகவும் வேண்டுமாம். எங்கள் முதலாளி ஸ்ரீநிவாசன் சார் ‘முடியும்’ என்று சொல்லிவிட்டார். செய்ய வேண்டியவன் நான்.

டிசம்பர் கடைசியில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் நம் பேரைச் சொல்லி ஓலை வாசிக்கணும், யாருக்காவது தடை உண்டா என்று கேட்கணும். அதற்கான மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் கையெழுத்து வேண்டும். போட்டு அனுப்பு.

ஜோனத்தான்


கோத்தகிரி
10.10.2005

அன்புள்ள ஜோனத்தானுக்கு,

முதலில் என் தொழில். ‘நீளத்தைக் குரைக்கணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நாய்தான் குரைக்கும். நீங்கள் ஃபில்டரைக் குறைக்க வேண்டும். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதினால் ஐந்து தரம் எழுத வைப்பேன்.

சிரிப்பு இத்தோடு முடிந்தது.

நாம் பேசினோம், ஜோனத்தான். ஆகஸ்டில் நிச்சயம் முடிந்த மறுநாள். என்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட நீங்கள்தான் பெருங்களத்தூர் வந்தீர்கள். சுதந்திர தின லீவு முடிந்து ஊரே ரோட்டில் நின்றது. என் பெட்டி உங்கள் தலையில் இருந்தது. நான் கேட்டேன்: ‘அம்மாவும் நம்ம கூட வருவாங்க, பரவாயில்லையா?’ நீங்கள் சொன்னீர்கள்: ‘தாராளமா வரட்டும்.’

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு தைரியம் தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஒரே பிள்ளை. அப்பா போனபிறகு என்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ‘பார்க்கலாம்’ என்றார்கள். ‘அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்’ என்றார்கள். ஒரு வீட்டில் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘தாராளமா’ என்று சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். செங்கல்பட்டு தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா உங்களைப் பிரிந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டு வேர்க்கடலை கொடுத்தார்.

யோசிக்காமல்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறது.

அம்மா இருக்கும் அனகாபுத்தூர் வீடு அடையாற்றுக்குப் பக்கத்துச் சந்தில். ஐப்பசி பிறந்தால் வாசல்படியில் கண் வைத்துக்கொண்டுதான் தூங்குவார். அவரைத் தனியே அங்கே விட்டுவிட்டு நான் நீலத் திரை மாட்டிக்கொண்டு குடித்தனம் பண்ண முடியாது. இங்கே ஹாஸ்டல் பொறுப்பை நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் குவார்ட்டர்ஸ் தருவதாகப் பிரின்சிபால் சொல்கிறார். அம்மாவை இங்கேயே கூட்டிக்கொண்டுவிடலாம். இந்தக் குளிர் அவர் முழங்காலுக்கு ஆகாது. வேறு வழி இல்லையென்றால் அதைத்தான் செய்வேன்.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் செய்யவில்லை, பயத்தில் செய்தேன்.

யூனிஸ்


பெருங்களத்தூர்
16.10.2005

யூனிஸ்,

பொய் சொல்ல வராது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

நீ கேட்டது காதில் விழுந்தது. அர்த்தம் விழவில்லை. ‘வருவாங்க’ என்றால் ஃபிளாட் பார்க்க வருவாங்க என்று எடுத்துக்கொண்டேன். என் கண் பஸ் போர்டில் இருந்தது. ஈரோடு, சேலம், மறுபடி ஈரோடு. உனக்கு உட்கார சீட் கிடைக்கணும் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் ஓடியது. ‘தாராளமா’ என்பது என் வாயில் சும்மா வருகிற சொல். எங்கள் மெஷினிஸ்ட் ஜெயவேலு ‘சார், டீ அட்ச்சிட்டு வந்துர்ட்டா?’ என்பார். தாராளமா. கேட்டது என்ன என்று பார்க்கவே மாட்டேன்.

இப்படி எழுதினால் உனக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு யோசித்துத்தான் சொன்னேன் என்று இப்போது நடித்தால் அது இதைவிட மோசம்.

இனி ஒரே வழிதான். உன் அம்மாவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் அளவைச் சொன்னால் அவருக்கே புரியும். வரும் சனிக்கிழமை போகிறேன்.

ஜோனத்தான்


கோத்தகிரி
20.10.2005

ஜோனத்தான்,

போகாதீர்கள். தயவுசெய்து.

நீங்கள் மறுத்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டாரிடமெல்லாம் உங்கள் ‘தாராளமா’வைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்கிறேன். நீங்கள் சொன்னால் சதுர அடியில் சொல்வீர்கள்.

யூனிஸ்


பெருங்களத்தூர்
24.10.2005

யூனிஸ்,

‘போகாதீர்கள்’ இன்றைக்குத்தான் வந்தது. நான் சனிக்கிழமையே போய்விட்டு வந்துவிட்டேன். தபால்காரனை நான் என்ன செய்ய?

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சந்துக்குள் பைக் போகாது. முனையில் விட்டுவிட்டு நடந்தேன். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். உன் அம்மா கதவைத் திறந்து ‘வா தம்பி!’ என்றது ஆற்றுக்கு அந்தக் கரையில் கேட்டிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று தெரியும். இன்னும் வெளியூருக்குக் கத்தி டிரங்க் கால் போட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியாது.

உட்காரச் சொன்னார். எங்கே உட்கார? பாதி அறையைக் காலால் மிதித்து வாசிக்கிற அந்த ஆர்கன் அடைத்துக்கொண்டிருக்கிறது. ‘சர்ச்சுல எலக்ட்ரிக் கீபோர்டு வாங்கினதும் இதை என் தலையில கட்டிட்டாங்க. நான்தானே இத்தனை வருஷமா மிதிச்சேன்’ என்றார். வாசித்தும் காட்டினார். ஒரு தணிந்த சுரம் வந்தபோது அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று கிர்ரென்று அதிர்ந்தது. எழுந்து போய்த் தொட்டேன், நின்றது. கையை எடுத்தேன், மறுபடி அதிர்ந்தது. அந்த ஒரு சுரத்துக்கு மட்டும். அதுதான் ரெசனன்ஸ். என் பிழைப்பே அதுதான். ‘இன்னொரு தடவை வாசிங்க’ என்றேன். டீ ஆறிப்போகும்வரை அவர் மிதித்துக்கொண்டே இருந்தார், நான் டம்ளர் டம்ளராக மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

‘சரி தம்பி, சொல்ல வந்ததைச் சொல்லு’ என்றார்.

‘ஒண்ணும் இல்லையே.’

‘அடுத்தவங்க பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கினவ நான். கஷ்டமான சேதி சொல்லப்போற ஆளு லைன்ல எப்படி மூச்சு இழுப்பான்னு எனக்குத் தெரியாதா?’

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: ‘நான் உங்ககூட வர்றதா இல்லப்பா. இந்தப் பொட்டிய விட்டுட்டு என்னால இருக்க முடியாது. பொட்டி உங்க ஃபிளாட்ல நுழையாது. யூனிஸ் கிட்ட நானே சொல்லிக்கிறேன். பிஸ்கட் எடுத்துக்க.’

ஆக, பிரச்சினை தீர்ந்தது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தானாகவே தீர்ந்தது. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்கணும். வரவில்லை. கிளம்பும்போது பாக்கெட்டில் இருந்த டேப்பை எடுத்து ஆர்கனை அளந்தேன். ‘எதுக்குப்பா?’ என்றார். ‘சும்மா’ என்றேன். சும்மா அளக்கிற ஆள் இல்லை நான்.

ஃபில்டரும் உதைக்கிறது. குழாயைச் சின்னதாக்கினால் அலை ஓடாது என்று எழுதினேன் அல்லவா, அதற்கு ஒரு வழி உண்டு. குழாயின் நடுவே, நீளவாக்கில், ஒரு மேடு வைக்கணும். கேட்க முட்டாள்தனமாக இருக்கும். ஏற்கெனவே இடம் இல்லாத இடத்தில் நட்டநடுவே ஒரு உலோக மேட்டை வைத்தால் இன்னும் அடையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அடையாது. இடம் குறையும், வழி அகலும். முன்னே திரும்பிப் போன அலைகளும் ஓட ஆரம்பிக்கும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், மேல்தகட்டில் இடித்துவிடுமோ என்று பயந்து மேட்டைத் தாழ்வாகவே வைத்தேன். முதல் பீஸை இன்று டெஸ்ட் பண்ணினோம். பாதி அலைவரிசை வாசலிலேயே திரும்பியது. ஸ்ரீநிவாசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஜோனத்தான்


கோத்தகிரி
29.10.2005

ஜோனத்தான்,

சென்னையில் மழை கொட்டுகிறது, அடையாற்றில் வெள்ளம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அம்மா வீட்டு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. உங்கள் செல்லும் கிடைக்கவில்லை. என் பொறுப்பில் இருக்கும் இருபத்தாறு பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு என்னால் உடனே கிளம்ப முடியாது. மாற்று ஆள் திங்கட்கிழமைதான் வருவார்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுதுகிறேன். போய்ப் பாருங்கள். இதைக் கல்யாணத்தோடு சேர்க்காதீர்கள். தெரிந்த ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற உதவி, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்த ஆர்கனைச் சண்டே ஸ்கூலுக்குக் கொடுத்துவிடுவதாகப் போன மாதமே வாக்குக் கொடுத்தாயிற்று. நம்மோடு வந்தால் இடத்தை அடைக்குமே என்று அவராகவே முடிவு செய்தார். உங்கள் முகத்தைப் பார்த்ததும், நீங்கள் கஷ்டப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லவேண்டாம் என்பதற்காக, அதே ஆர்கனைக் குறுக்கே போட்டுவிட்டார்.

‘இடம் குறையும், வழி அகலும்.’ இதை எழுதியவர் நீங்கள்தான். நான் அந்த வரியை மூன்று தரம் படித்தேன். நீங்கள் எழுதியதை நீங்கள் ஒரு தரமாவது படித்தீர்களா? குழாய்க்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கா?

யூனிஸ்


பெருங்களத்தூர்
3.11.2005

யூனிஸ்,

அம்மா நன்றாக இருக்கிறார். இதை முதல் வரியில் எழுதச் சொன்னது அவரேதான். ‘சுத்தி வளைக்காம மொதல்ல அதை எழுது, அப்புறம் உன் குழாய்க் கதையை எழுது.’

ஹாஸ்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் கிடைத்தது. வார்டனிடம் சொன்னேன். சொன்னாரா? இருமிக்கொண்டே கேட்டார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் யூனிட்டில் இருக்கும்போதே ‘பல்லாவரம், அனகாபுத்தூர் பக்கம் தண்ணி’ என்று பேச்சு வந்தது. மெஷினில் இரண்டாவது பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயவேலு சொன்னார்: ‘சார், நீ இங்க நின்னுகினு முறைச்சா அது சீக்கிரம் முடியாது. அந்தம்மா தனியா கீது. இன்னா பேஜார் பண்றே, வா, நானும் வர்றேன்.’ மெஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். தாம்பரத்தில் ஒரு டெம்போ பிடித்தோம்.

சந்தில் முழங்கால் தண்ணீர். உன் அம்மா கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆர்கனுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தார். தனக்கு அடுக்கவில்லை.

‘நீ எதுக்குப்பா வந்தே, வேலைய விட்டுட்டு?’

‘கிளம்புங்க.’

‘பொட்டி?’

‘பொட்டியும்தான்.’

‘உங்க வீட்ல நுழையாதுப்பா.’

‘நுழையும். அளந்துட்டேன்.’

சொன்னபிறகுதான் எதற்கு அளந்தேன் என்று எனக்கே தெரிந்தது.

ஜெயவேலு ஒரு முனையைத் தூக்கிவிட்டு, ‘இன்னா சார் இது, பொட்டியா பீரோவா?’ என்றார். ‘மெதுவாப்பா, கட்டையெல்லாம் உதிர்ந்துடும்’ என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் உதவிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் குரலுக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு. அவர் டெம்போவில் டிரைவர் பக்கத்தில். நான் பின்னால் ஆர்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, பெருங்களத்தூர் வரை.

ஃபிளாட்டில் ஒவ்வொரு சுவரிலும் வைத்துப் பார்த்தோம். ஒரு சுவரில் கிச்சன் வாசல். ஒன்றில் பால்கனிக் கதவு. ஒன்றில் சுவிட்ச் போர்டு. கடைசியில் ஜெயவேலு களைத்துப்போய் ஹால் நடுவில் இறக்கி வைத்துவிட்டு, ‘இதுக்கு மேல என்னால ஆவாது சார்’ என்று அதன் மேலேயே சாய்ந்துவிட்டார்.

நட்டநடுவில், குறுக்காக.

யாரும் அதைத் தள்ளவில்லை. ஆர்கனின் முதுகு வாசல் பக்கம். அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார. அதற்குப் பின்னால் ஜன்னல் பக்கமாக ஒரு கட்டில். மேலே கம்பி கட்டி நீலத் திரையை மாட்டினேன். இத்தனை நாள் அந்த ஹால் செருப்பு விடுவதற்கு மட்டும் பயன்பட்டது. இப்போது இரண்டு அறையாகிவிட்டது.

உன் கடிதம் நேற்று வந்தது. ‘குழாய்க்கு ஒரு கணக்கா’ என்பதைப் படித்துவிட்டு ஹால் நடுவில் நின்றேன். அப்புறம் யூனிட்டுக்குப் போய் மேட்டை உயர்த்தினேன். ஜெயவேலு ‘இதுக்கு மேல ஏத்துனா இடிச்சுக்கும் சார்’ என்றார். ‘இடிக்காது, ஏத்துங்க’ என்றேன். இன்று டெஸ்ட். கேட்ட அலைவரிசை முழுசும் போகிறது. நீளம் பாதி. லாஸ், அதாவது வழியில் கரைந்துபோகிற சக்தி, கொஞ்சம் கூடியிருக்கிறது. மேடு வைத்தால் அது கூடத்தான் செய்யும். பொறுத்துக்கொள்கிற அளவுதான்.

நீளத்தைக் குறைத்தேன். வல்லின ‘ற’. பார்த்துக்கொள்.

ஜோனத்தான்


கோத்தகிரி
8.11.2005

அன்புள்ள ஜோ,

உங்கள் கடிதத்தைப் பிள்ளைகள் எதிரில் படித்துத் தொலைத்தேன். ‘டீச்சர் ஏன் சிரிச்சிட்டே அழுவுறாங்க?’ என்று ஒருத்தி கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கணும். அதைக் கேட்காமல் சந்தோஷப்பட எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு தரம் சந்தோஷப்பட்டுப் பார்த்துவிட்டேனே.

அம்மா அங்கே வந்தது மழையினால். தண்ணீர் வடிந்துவிடும். வீட்டைக் கழுவிவிட்டு அனகாபுத்தூர் திரும்பலாம் என்றுதான் அம்மா போனில் சொல்கிறார். ‘ஆபத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு, அதையே சாக்கா வச்சு ஒட்டிக்கிட்டேன்னு ஆகக் கூடாது’ என்கிறார். எனக்கும் அப்படித்தான். வெள்ளம் கொண்டுவந்து போட்டதை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதனால் மறுபடி கேட்கிறேன். இங்கே பஸ் எதுவும் வரவில்லை. உங்கள் தலையில் பெட்டி இல்லை. இரண்டு தரம் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அம்மாவும் நம்ம கூட வருவாங்க. பரவாயில்லையா?

மனுவில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் ‘இல்லை’ என்றால் கிழித்துவிடுங்கள். அப்போதும் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்காது. ‘தாராளமா’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

யூனிஸ்


பெருங்களத்தூர்
21.11.2005

யூனிஸ்,

பதில் தாமதம். இரண்டு தரம் படிக்கச் சொன்னாய், அதற்கு மேலேயே படித்தேன்.

உன் அம்மா மூட்டை கட்டிவிட்டார். ‘தண்ணி வடிஞ்சிடுச்சு, கிளம்பறேன்’ என்று ஞாயிறு தவறாமல் சொல்கிறார். ‘போகாதீங்க’ என்று சொல்லணும். எனக்கு அந்த மாதிரி பேச வராது. போன வாரம் ஆர்கனின் நாலு காலையும் எல் கிளாம்ப் போட்டுத் தரையோடு முடுக்கிவிட்டேன். ‘என்னப்பா இது?’ என்றார். ‘ஆடுது’ என்றேன். அந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மூட்டையைப் பிரித்துப் புடவைகளை என் பீரோவின் கீழ்த்தட்டில் அடுக்கினார். என் சட்டைகள் இப்போது பரணில் இருக்கின்றன.

கேட்ட கேள்விக்குப் பதில்.

இடம் தாராளமாக இல்லை. அளந்து பார்த்துவிட்டேன். ராத்திரி நீ தண்ணீர் குடிக்க எழுந்தால் கட்டிலில் இடித்துக்கொள்வாய். நான் செல்லில் பேசினால், ‘ராங் நம்பர்னு வை தம்பி’ என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். காலையில் ஆர்கன் தொடங்கினால் கிச்சனில் டம்ளர் அதிரும். எந்த டம்ளர் என்று கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைத்தேன். அடுத்த நாள் வேறொன்று அதிர்ந்தது. லாஸ் கூடியிருக்கிறது. பொறுத்துக்கொள்கிற அளவுதான். இதெல்லாம் யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அம்மா வரட்டும் என்று சொல்ல மாட்டேன். வந்தவர் திரும்பிப் போவார் என்பது போல இருக்கிறது அந்தச் சொல்.

அம்மா இருக்கட்டும்.

மனுவைப் பாதிரியாரிடம் கொடுத்தாச்சு. நேற்று தாம்பரத்தில் முதல் ஓலை வாசித்தார்கள். உன் பேரையும் என் பேரையும் சேர்த்து மைக்கில் கேட்டபோது கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது. தடை ஏதாவது உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா ரகசியமாக என் காதில் ஏதோ சொன்னார். அவருடைய ரகசியம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

‘ஒண்ணு இருக்கு. மாப்பிள்ளைக்கு ர, ற தெரியாது.’

முன்வரிசை வரை திரும்பிப் பார்த்தது. பாதிரியார் ஓலையால் வாயை மறைத்துக்கொண்டார். ‘அந்தத் தடையைப் பெண் வீட்டாரே நீக்கிக்கொள்ளட்டும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

இன்னும் இரண்டு ஓலை பாக்கி. அதற்குள் லீவு சொல்லு. பெருங்களத்தூர் ஸ்டாப்பில் நிற்கிறேன். போர்டைப் பார்க்க மாட்டேன். இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன்.

ஜோ

பி.கு.: பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி நேரில் கொண்டுவா. ஐந்து தரம் எழுதுகிறேன். தாராளமா. இதை மட்டும் யோசித்துத்தான் சொல்கிறேன்.